சிரிப்புத் தொடருக்குத் தீர்ப்பு எழுதியவர்கள்

2022-இல் 'ரமணி வெர்சஸ் ரமணி' திரும்பி வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் கே. பாலச்சந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்துக்காக நாகா இயக்கிய தொடர் அது. கணவனுக்கும் ரமணி என்று பெயர், மனைவிக்கும் ரமணி என்று பெயர். இருவருக்கும் நடக்கும் வீட்டுச் சண்டைதான் கதை. முதல் பாகத்தில் நடித்த ராம்ஜியும் வாசுகியுமே மறுபடி ஜோடி சேர்ந்தார்கள், நாகாவே மறுபடி இயக்கினார். ஆட்கள் மாறவில்லை, வந்து சேர்ந்த வழிதான் மாறியிருந்தது. முன்பு கூடத்தில் இருந்த டிவிப் பெட்டிக்கு வாரம் ஒரு தடவை வந்தார்கள். இந்த முறை 'ஆஹா' என்ற செயலிக்குச் சந்தா கட்டியவர்களின் கைபேசிக்கு வந்தார்கள்.

அன்று மதுரையில் இந்தத் தொடரைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியதில்லை. பஸ்ஸில் பேசினார்கள், பள்ளிக்கூட ஓய்வறையில் பேசினார்கள், காய்கறிக்கடை முன்னால் நின்று பேசினார்கள். 2022-இல் அது வந்ததே பல வீடுகளுக்குத் தெரியாது. தொடர் நன்றாக இருந்ததா இல்லையா என்பது இரண்டாவது பேச்சு. நன்றாக இருக்கிறது, இல்லை என்று யார் சொல்கிறார்கள், எங்கே உட்கார்ந்து சொல்கிறார்கள், எத்தனை நாள் பொறுத்துச் சொல்கிறார்கள் என்பதே இந்த முப்பது, நாற்பது வருடத்தில் தலைகீழாகியிருக்கிறது. குடும்பக் காமெடித் தொடருக்கு இந்த மாற்றம் நல்லது செய்யவில்லை என்பது என் எண்ணம். ஏன் என்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மதுரைக்கு இந்த விஷயத்தில் பழைய தேர்ச்சி உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியது இந்த ஊரில்தான். எம்.ஜி.ஆர். சின்னப் பையனாக வேஷம் கட்டிய ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் பெயரிலும் மதுரை இருக்கிறது. இன்றும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கோயில் கொடைகளிலும் பங்குனிப் பொங்கல்களிலும் ஸ்பெஷல் நாடகம் போடுகிறார்கள். வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கும். முதலில் பபூன் வருவார். அவர் சொல்லும் நகைச்சுவைக்கு முன்வரிசைப் பெண்கள் சிரிக்கவில்லை என்றால் அது அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிடும். வேறொன்றை எடுப்பார். அதுவும் போகவில்லை என்றால் ஊர்ப் பெரியவர் ஒருவரின் பேரைச் சொல்லி வம்புக்கு இழுப்பார், கூட்டம் எழுந்து உட்காரும். மறுநாள் இன்னொரு ஊரில் அதே நாடகம் கொஞ்சம் திருந்திய நாடகமாக நடக்கும். பார்த்தவர்கள் சொன்ன தீர்ப்பு நடிப்பவரிடம் நேராகப் போய்ச் சேர்ந்தது, நடிப்பவருக்குத் திருந்திக்கொள்ள மறுநாள் ஒரு மேடையும் இருந்தது. நல்ல விமர்சனம் என்று நான் நினைப்பது இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான்.

ஊருக்குள் வேறு வகை நாடகமும் வந்தது. சென்னை சபா நாடகக் குழுக்கள் தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் ஹாலிலும் ராஜா முத்தையா மன்றத்திலும் வந்து நடித்தன. வசனத்துக்கு வசனம் சிரிப்பு வைக்கும் பாணி அவர்களுடையது. கிரேஸி மோகன் எழுதி எஸ்.வி. சேகர் 1976-இல் மேடையேற்றிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' அந்தப் பாணிக்கு ஒரு பெரிய வாசல். பின்னால் தமிழ் டிவியில் வந்த காமெடித் தொடர்களில் முக்கால்வாசி இந்த சபா மேடையிலிருந்து இறங்கி வந்தவைதான். சோபா ஒன்று, வாசற்கதவு ஒன்று, அடுப்படிக்குப் போகிற வழி ஒன்று, அவ்வளவுதான் களம். டிவிக்குத் தோதாக முன்பே அமைந்துவிட்ட களம் அது.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. நம் பக்கத்துக்கு அது உடனே எட்டவில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது தென்மாவட்டக் கரையோரங்களில் ஆண்டெனாவை உயரமாகக் கட்டி இலங்கையைப் பார்த்தவர்கள் உண்டு. எண்பதுகளில் கொடைக்கானல் மலையிலிருந்து தூர்தர்ஷன் அலை சமவெளிக்கு இறங்கிய பிறகுதான் சென்னையின் தமிழ் நிகழ்ச்சிகள் மதுரையில் ஒழுங்காகத் தெரிந்தன. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை படம், நடுவில் நாடகங்கள். எஸ்.வி. சேகரின் 'வண்ணக் கோலங்கள்' போன்ற சிரிப்புத் தொடர்களும் அப்போது வந்தவை.

டிவி உள்ள வீடு தெருவுக்கு இரண்டோ மூன்றோ. அந்த வீட்டுக் கூடத்தில் வீட்டுக்காரர்களோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் பெண்களும் உட்கார்ந்திருப்பார்கள். அப்பத்தா சுவரோரம் சாய்ந்திருப்பார். காமெடித் தொடருக்கு அந்தக் கூடம் மிகச் சரியான அவை. சிரிப்புக்கு ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. ஒருவர் சிரித்தால் விஷயம் புரியாதவரும் சேர்ந்து சிரிப்பார், பிறகு என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு மறுபடி சிரிப்பார். தப்பும் அங்கேயே பிடிபட்டது. "மாமியார் முன்னாடி இப்படியா பேசுவாக?" என்று அப்பத்தா கேட்டால் அது ஒரு முழு விமர்சனம். அதற்கு மறுப்புச் சொல்ல அங்கேயே ஒரு மருமகளும் இருந்தார்.

அந்தப் பேச்சு கூடத்தோடு நின்றுவிடவும் இல்லை. சென்னைத் தொலைக்காட்சியில் 'எதிரொலி' என்று ஒரு நிகழ்ச்சி நடந்தது. நேயர்கள் எழுதிய கடிதங்களை வாசித்து நிலையத்தின் இயக்குநரே பதில் சொல்வார். நாடகம் நன்றாக இருந்தது, வசனம் சரியில்லை, இந்த நேரத்தில் போடாதீர்கள், இந்தச் சொல் எங்கள் பக்கத்தில் புண்படுத்தும் என்று ஜனங்கள் போஸ்ட் கார்டில் எழுதினார்கள். பொறுப்பில் இருந்தவர் கேமரா முன் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. அந்தப் பதில்கள் எல்லாமே திருப்தியாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஓர் ஊடகம் தன் நிகழ்ச்சி பற்றிய குறையைத் தன் திரையிலேயே வாசித்தது. இன்று எந்தத் தமிழ் சேனலில் அப்படி ஒரு அரை மணி நேரம் இருக்கிறது?

அன்றைய தொடர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. அதைப் பலர் கவனிப்பதில்லை. தூர்தர்ஷன் தொடர்களுக்கு 13 வாரம் என்று கணக்கு வைத்து அனுமதி கொடுத்தது. வாரத்துக்கு ஒன்றாக 13 பகுதிகள். முதல் இரண்டு வாரம் பிடிக்காவிட்டாலும் மூன்றாவது வாரம் வந்தே தீரும். குடும்பக் காமெடிக்கு இது உயிர். அது முதல் நாளிலேயே சிரிக்க வைக்கும் வகை அல்ல. அப்பா எதற்குக் கோபப்படுவார், அத்தை எதை மறைப்பார், மாப்பிள்ளைக்கு எங்கே வலிக்கும் என்று பார்க்கிறவருக்குப் பழக வேண்டும். பழகிய பிறகு ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வந்தாலே சிரிப்பு வரும். அமெரிக்காவில் 'சியர்ஸ்' என்ற தொடர் 1982-இல் தொடங்கியபோது 77 நிகழ்ச்சிகளில் 74-ஆவது இடத்தில் இருந்தது. தொலைக்காட்சி நிறுவனம் அதை விட்டுவைத்தது. அது 11 வருடம் ஓடி அந்த நாட்டின் பெருமைக்குரிய காமெடிகளில் ஒன்றானது. விட்டுவைக்கிற அந்த மனசு இல்லாமல் இந்தக் கலை வளராது.

குறையும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அந்தத் தொடர்களில் மதுரை இல்லை. கதை நடந்தது மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ இருக்கும் ஒரு ஃபிளாட்டில். பேச்சு சபா மேடைப் பேச்சு. செல்லூரில் தறி போட்டவரும் சோழவந்தானில் வெற்றிலைக் கொடி கட்டியவரும் வாடிப்பட்டியிலிருந்து நெல் மூட்டை ஏற்றி வந்தவரும் இன்னொருவர் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்கள். சிரித்தார்கள், ஆனால் தன் வீட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம ஆளுக இல்ல" என்ற குரல் அன்றே இருந்தது. அதை போஸ்ட் கார்டில் எழுதியவர்கள் குறைவு.

1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி வந்தது. பின்னாலேயே ராஜ், விஜய், ஜெயா என்று வரிசையாக வந்தன. அடுத்த பத்து வருடம்தான் தமிழில் வீட்டுக் காமெடித் தொடர் செழித்த காலம். 'ரமணி வெர்சஸ் ரமணி'யின் இரண்டாம் பாகத்தில் பிருத்விராஜும் தேவதர்ஷினியும் நடித்தார்கள். தேவதர்ஷினி முகத்தை அசைக்காமல் சொல்லும் பதில்களுக்கு மதுரையில் தனி ரசிகைகள் இருந்தார்கள். சன் டிவியில் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' ஓடியது. ஸ்ரீபிரியாவும் நிரோஷாவும் மோதிக்கொள்ள, இடையில் எம்.எஸ். பாஸ்கர் பட்டாபியாக வந்து போவார். ஒரு பாத்திரத்தை ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்களா என்பதற்கு மதுரையில் ஒரு சோதனை உண்டு. ஊரில் யாருக்காவது அந்தப் பட்டப்பெயர் விழுந்ததா என்று பார்க்க வேண்டும். பட்டாபி என்று கூப்பிடப்பட்டவர்கள் அந்த வருடங்களில் தெருவுக்கு ஒருவராவது இருந்தார்கள். எம்.எஸ். பாஸ்கரையே இன்றும் பட்டாபி என்றுதான் பலருக்கு அடையாளம் தெரியும். அதைவிடப் பெரிய பரிசு ஒரு தொடருக்குக் கிடையாது.

அதே தொடர்களில் பின்னணியில் பதிவுசெய்த சிரிப்பொலியும் சேர்ந்து வந்தது. கூடம் நிறைந்திருந்த காலத்தில் அதற்குத் தேவை இல்லை. வீட்டுக்கு வீடு டிவி வந்து, கூடத்தில் ஆள் குறையக் குறைய அந்தச் சத்தம் கூடியது.

இங்கே பட்டிமன்றத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. மதுரைக்காரர்களுக்குத் தங்கள் வீட்டைப் பார்த்துச் சிரிக்கிற வாய்ப்பை டிவியில் கொடுத்தது சிட்காம் அல்ல, பட்டிமன்றம். அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து, "நம்ம வீட்ல என்ன நடக்குது" என்ற தொனியில் ஆரம்பித்தால் அது குடும்பக் காமெடித் தொடரின் ஒரு பகுதிதான். மாமியார், மருமகள், சம்பந்தி, ரிட்டயரான அப்பா, வெளிநாட்டுப் பிள்ளை என்று எல்லாப் பாத்திரங்களும் அங்கே உண்டு. பேச்சாளர்களில் ராஜா ஒரு கிராமத்து அப்பாவைப் பேசிக் காட்டுவார், பாரதி பாஸ்கர் ஒரு படித்த மருமகளை நிறுத்துவார். எதிரே உட்கார்ந்த சபை உண்மையாகச் சிரிக்கும், பதிவுசெய்த சிரிப்பு வேண்டியதில்லை. பபூனுக்கும் ஊருக்கும் இருந்த அந்த நேர் உறவு, பண்டிகைக் காலை டிவியில் இப்படித்தான் தொடர்ந்தது. 2021-இல் பாப்பையாவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தமிழ்ப் பணிக்காகக் கொடுத்தது சரி. ஒரு வட்டாரத்தின் வீட்டுச் சிரிப்பைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுபோனதற்கும் அந்த மரியாதை பொருந்தும் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன். டிவிக் காமெடி நிகழ்ச்சிகளான 'அசத்தப்போவது யாரு' மேடையில் மதுரை முத்து எழுப்பிய சிரிப்பும், 'கலக்கப்போவது யாரு' மேடையில் ரோபோ சங்கர் எழுப்பிய சிரிப்பும் இதே மண்ணின் பேச்சிலிருந்து வந்தவை. இவ்வளவு பேச்சுவளம் உள்ள ஊரிலிருந்து எழுதப்பட்ட ஒரு நல்ல வீட்டுக் காமெடித் தொடர் ஏன் வரவில்லை என்ற கேள்வி எனக்குத் தீரவில்லை.

காரணங்களில் ஒன்று வியாபாரம். 1999-இல் தொடங்கிய 'சித்தி', பிறகு 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' என்று மெகா தொடர்கள் இரவு நேரத்தைப் பிடித்தன. நாள்தோறும் ஒளிபரப்பு. அழுகையையும் சதியையும் நாள்தோறும் எழுதலாம், நேற்றைய கண்ணீரை இன்றைக்கும் நீட்டலாம். சிரிப்பை அப்படி நீட்ட முடியாது. அரை மணிக்கு ஒரு முழு முடிச்சும் அவிழ்ப்பும் வேண்டும். வாரத்துக்கு ஒன்றுதான் நன்றாக எழுத முடியும். அந்த நாட்களில் பல தயாரிப்பாளர்கள் சேனலுக்குப் பணம் கட்டி நேரத்தை வாங்கி, விளம்பரத்தைத் தாங்களே பிடித்தார்கள். ஐந்து நாள் ஓடும் தொடருக்குக் கிடைக்கிற விளம்பரம் ஒரு நாள் ஓடும் காமெடிக்குக் கிடைக்காது. ஆக, வாராந்தரக் காமெடி ஓரத்துக்குப் போனது.

இன்னொரு காரணம் எண்ணுகிற முறை. டிஆர்பி என்று ஊரெல்லாம் பேசிய எண் பல வருடங்கள் நகரத்து வீடுகளை மட்டுமே அளந்தது. 2006-லிருந்து தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கொடுத்தது. உசிலம்பட்டிக்கு அந்தண்டை உள்ள காலனி வீடு வரை டிவி போய்ச் சேர்ந்தது. 2011-க்குப் பிறகு அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது. பார்க்கிறவர்கள் கிராமத்தில் பெருகினார்கள், கணக்கில் மட்டும் அவர்கள் இல்லை. டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பு 2015-இல் அளவீட்டைத் தொடங்கி, அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் கிராமத்து வீடுகளையும் சேர்த்தது. அதுவரை அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்பதை வேறு யாரோ ஊகித்து முடிவு செய்தார்கள். இப்போது வியாழக்கிழமைதோறும் எண் வருகிறது. அதில் எத்தனை வீடு பார்த்தது என்று இருக்கும். எந்த இடத்தில் சிரித்தார்கள், எதற்கு முகம் சுளித்தார்கள், எந்த வசனத்தை மறுநாள் திருப்பிச் சொன்னார்கள் என்று அதில் இருக்காது. ஒரு காமெடி எழுத்தாளருக்கு வேண்டியது இந்த இரண்டாவது விவரம்தான்.

அந்த விவரத்தை எழுதித் தந்திருக்க வேண்டியவை பத்திரிகைகள். தமிழில் அதற்கு மரபு உண்டு. கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதிக்கு வித்வான்களே பயந்தார்கள். சினிமாவுக்கு விகடன் மதிப்பெண் போட்டது. 'பதினாறு வயதினிலே' வாங்கிய 62.5 மதிப்பெண்ணை இன்னும் நினைவில் வைத்திருக்கிறவர்கள் மதுரையில் இருக்கிறார்கள். டிவித் தொடருக்கு இந்த மரியாதை கிடைக்கவே இல்லை. நடிகை பேட்டி வரும், படப்பிடிப்புச் செய்தி வரும், அட்டைப்படம் வரும். ஒரு தொடரின் எழுத்து எப்படி, நடிப்பு எப்படி, முப்பதாவது வாரத்தில் எங்கே சரிந்தது என்று உட்கார்ந்து எழுதிய வாராந்தரப் பகுதி நிலைக்கவில்லை. விகடன் நிறுவனமே 'கோலங்கள்' போன்ற தொடர்களைத் தயாரிக்கத் தொடங்கியது. தயாரிப்பில் இறங்குவது அவர்கள் உரிமை. ஆனால் தமிழ்நாட்டின் மதிப்புமிக்க விமர்சன மேடை ஒன்று இந்தத் துறையில் தானும் ஒரு கட்சிக்காரராக ஆகிவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். அரசும் இந்தத் துறையைக் காலத்தில் கவனிக்கவில்லை. 2009 முதல் 2013 வரையிலான சின்னத்திரை விருதுகள் 2022 செப்டம்பரில்தான் கலைவாணர் அரங்கில் வழங்கப்பட்டன. ஒன்பது முதல் பதின்மூன்று வருடம் வரை தாமதம். ஒரு தொடரே முடிந்து, நடித்தவர்கள் வேறு வேலைக்குப் போய், பார்த்தவர்கள் மறந்துபோன பிறகு வருகிற பாராட்டு யாரையும் வளர்க்காது.

இன்றைய நிலவரத்துக்கு வருகிறேன். கடந்த சில வருடங்களில் மதுரை வீடுகளை மிக அதிகம் சிரிக்க வைத்த தொடர் காமெடித் தொடரே அல்ல. 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்', திருச்செல்வம் இயக்கியது, மதுரையில் நடக்கும் கதை. ஆதி குணசேகரன் என்ற ஆணாதிக்க அண்ணன் வீட்டுப் பெண்களை அடக்கி வைக்கிறான். தேனிப் பக்கத்திலிருந்து வந்த இயக்குநர், நடிகர் மாரிமுத்து அந்த வேடத்தில் இருந்தார். "இந்தாம்மா ஏய்" என்று அவர் அதட்டியதை இளைஞர்கள் வெட்டி எடுத்தார்கள், மீம் போட்டார்கள், ரீல்ஸ் செய்தார்கள். வீட்டில் அம்மா அப்பாவை "இந்தாம்மா ஏய்" என்று திருப்பி அதட்டுகிற அளவுக்கு அது போனது. அதட்டலைச் சிரிப்பாக மாற்றியவர்கள் பார்வையாளர்கள். எழுதியவர் கொடுமையைக் காட்டினார், பார்த்தவர்கள் அந்தக் கொடுமைக்காரனின் அகம்பாவத்தைக் கேலி செய்து தங்களுக்கு வேண்டிய குடும்பக் காமெடியை அதிலிருந்தே செய்துகொண்டார்கள்.

எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு. பபூன் முன்னால் உட்கார்ந்திருந்த அதே கூட்டம்தான் இது, இப்போது கையில் கத்தரிக்கோல் இருக்கிறது. சிரிப்புக்கான பசி குறையவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 2023 செப்டம்பர் 8-இல் அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரிமுத்து மாரடைப்பில் இறந்துபோனார். பெருநாழி மண்ணிலிருந்து வந்த எழுத்தாளர் வேல. ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். அவர் திரையில் வந்த முதல் இரவிலிருந்தே ஒப்பீடு. முதல் காட்சி முடிவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. ஒருவரின் இடத்தில் நின்று தன் நடையைக் கண்டுபிடிக்க எந்த நடிகருக்கும் சில வாரம் வேண்டும். அந்தச் சில வாரத்தைக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லாமல் போய்விட்டது.

2024 செப்டம்பர் 20-இல் பிரைம் வீடியோவில் வந்த 'தலைவெட்டியான் பாளையம்' இதற்கு நேரான உதாரணம். இயக்கியது மறுபடியும் நாகா. நடித்தவர்களில் தேவதர்ஷினியும் சேத்தனும் உண்டு. இந்தியில் 2020-இல் வந்து பெயர் வாங்கிய 'பஞ்சாயத்' தொடரின் தமிழ் வடிவம். திருநெல்வேலிச் சீமையின் ஒரு கிராமத்துக்கு ஊராட்சிச் செயலராக வரும் நகரத்துப் பையனாக அபிஷேக் குமார் நடித்தார். எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில் கிடைத்தன. முந்தைய நாள் இரவு 12 மணிக்குப் பார்க்க உட்கார்ந்தவர் விடிவதற்குள் முடித்துத் தீர்ப்பும் எழுதிவிட முடியும். எழுதினார்கள். பெரும்பாலான பேச்சு ஒரே கேள்வியைச் சுற்றி நின்றது: இந்தி மூலத்துக்கு ஈடாக இருக்கிறதா? இந்தி தெரிந்த, மூலத்தைப் பார்த்த, சந்தா கட்டக்கூடிய வட்டத்தின் கேள்வி அது. ஒப்பிட்டதில் தப்பில்லை, மூலத்தை அடிக்கு அடி பின்பற்றிய இடங்களில் அந்தத் தொடர் தடுமாறியது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் தெற்கத்திக் கிராமத்துப் பேச்சு சரியாக வந்ததா, ஊராட்சித் தலைவியாகப் பெயரளவில் இருக்கும் பெண்ணை நம் ஊர் எப்படிப் பார்க்கும், சாதி எங்கே பேசாமல் விடப்பட்டது என்ற கேள்விகளைக் கேட்டிருக்கக்கூடிய அலங்காநல்லூர் ஆச்சியும் மேலூர் ஊராட்சி உறுப்பினரும் அந்த விமர்சனத்தில் இல்லை. அவர்களுக்குத் தொடர் போய்ச் சேரவே இல்லை.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஒரு தேவதர்ஷினி தொடரைப் பற்றிப் பேச டிவியும் கேபிளும் போதும். இன்று அதே தேவதர்ஷினியின் தொடரைப் பற்றிப் பேசச் சந்தாவும் நல்ல கைபேசியும் தனியாகப் பார்க்க ஓர் இரவும் வேண்டும். நம் வீடுகளில் இது பெரும்பாலும் இளையவர்களிடம், அதிலும் ஆண்பிள்ளைகளிடம் இருக்கிறது. குடும்பத் தொடருக்குக் குடும்பம் தீர்ப்புச் சொன்ன காலம் போய், குடும்பத்தில் ஒருவர் மட்டும் சொல்கிற காலம் இது.

இன்று கிடைத்திருக்கும் நல்லவற்றையும் மறுக்கவில்லை. போஸ்ட் கார்டு எழுதத் தயங்கிய பெண்கள் இன்று ப்ரோமோவுக்குக் கீழே தைரியமாக எழுதுகிறார்கள். மருமகளை அறைகிற காட்சியை "எங்க வீட்டுப் பிள்ளைகளும் பாக்குதுக" என்று கேள்வி கேட்கிறார்கள். மதுரைப் பேச்சுக்குத் திரையில் இருந்த கூச்சம் போய்விட்டது. விஜய் டிவியில் 'மதுரை' தொடரின் ஒரு ஜோடி 'சரவணன் மீனாட்சி'யாகக் கிளைத்து ஏழு வருடம் ஓடியது. குன்றக்குடியின் ஒரு மளிகைக்கடைக் குடும்பத்தை வைத்து 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' ஓடியது. கோயம்புத்தூரிலிருந்து நக்கலைட்ஸ் குழு யூடியூபில் வெளியிட்ட 'அம்மா அலப்பறைகள்' கொங்குப் பேச்சிலேயே வீட்டுக் காமெடி செய்து காட்டியது, அதை மதுரைக்காரர்களும் விழுந்து விழுந்து பார்த்தார்கள். சொந்தப் பேச்சில் எழுதினால் வேறு சீமைக்காரர்களும் வருவார்கள் என்பதற்கு அது போதும். பழைய ரமணியும் இன்று யூடியூபில் கிடைக்கிறது. அப்போது பிறக்காத பிள்ளைகள் அதன் கீழே வந்து எழுதுகிறார்கள்.

அதனால் சேனல்களிடம் கேட்கிறேன். வாரத்தில் ஒரு நாள், ஒரு அரை மணி நேரம், 13 வாரத்துக்குக் கை வைக்காமல் ஒரு வீட்டுக் காமெடிக்குக் கொடுங்கள். மதுரையில், திருமங்கலத்தில், செல்லூரில் நடக்கும் வீடாக அது இருக்கட்டும். எழுத இங்கே ஆள் இருக்கிறார்கள், நடிக்கவும் இருக்கிறார்கள். பத்திரிகை ஆசிரியர்களிடம் கேட்கிறேன். சினிமாவுக்குக் கொடுக்கும் பக்கத்தில் பாதியைத் தொடர்களுக்குக் கொடுங்கள். முதல் நாளில் ஒரு தடவை, பத்தாவது வாரத்தில் ஒரு தடவை என்று இரண்டு முறை எழுதச் சொல்லுங்கள். வாசகர்களிடம் கேட்பது இன்னும் எளிது. அடுத்து ஒரு குடும்பக் காமெடி வந்தால் வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு நான்கு பகுதியாவது பாருங்கள். வயதானவர்கள் எங்கே சிரித்தார்கள் என்று கவனியுங்கள். பிடித்ததையும் பிடிக்காததையும் இரண்டு வரி எழுதி, எடுத்தவர்களின் பக்கத்துக்கு அனுப்புங்கள்.